தெற்குப் பார்த்த மூன்று நாள்

கற்பூரத்தை அடித்து, கையை நீட்டி, முதலிலேயே சத்தியம் செய்துவிடுவது நல்லது. இனி வரப்போவதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது. ஆளுக்குச் சாட்சி உண்டு, தேதிக்குச் சாட்சி உண்டு, தீர்மான எண்ணுக்கும் சாட்சி உண்டு. நம்பாதவர்கள் தட்டப்பாறைப்பட்டி பஞ்சாயத்து போர்டு ஆபீஸ் பீரோவைத் திறந்து தீர்மானப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். கரையான் தின்றது போக மீதி அங்கேதான் இருக்கிறது.

உலகம் உண்டான நாளிலிருந்து மனிதன் சூரியனைக் கும்பிட்டிருக்கிறான், வைதிருக்கிறான், கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு ஒளிந்திருக்கிறான். ஆனால் ஒரு கமிட்டி போட்டு, உறுப்பினர்களுக்கு வடையும் காப்பியும் வாங்கிக் கொடுத்து, 'சூரியன் இந்த நேரத்துக்கு இந்தப் பக்கம் இருக்கக் கடவது' என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்ட பெருமை தட்டப்பாறைப்பட்டிக்கு மட்டுமே உண்டு. நாமகிரிப்பேட்டையிலிருந்து நாலு மைல். அப்போது அதெல்லாம் சேலம் ஜில்லா. வருஷம் எண்பத்தேழு, தை மாதம்.

இந்தச் சரித்திரத்தின் நடுவில் மாட்டிக்கொண்டவன் பெயர் சென்றாயன். பஞ்சாயத்து ரேடியோ ஆபரேட்டர். பதினொரு வருஷமாகத் 'தற்காலிகம்'. தினம் சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குப் போர்டு ஆபீஸ் ரேடியோ ரூமைத் திறந்து, பெட்டியைத் துண்டால் துடைத்து, குமிழைத் திருகுவான். வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஊருக்கே பேச ஆரம்பிக்கும். அதில் ஒரே ஒரு சங்கடம். ஊரில் உள்ள அத்தனை கிணற்று மோட்டாரும் அந்த நேரத்தில்தான் ஓடும். மோட்டார் ஓடினால் கரெண்டு இளைக்கும். கரெண்டு இளைத்தால் செய்தி வாசிக்கிறவர் ஒரு மாசமாகக் காய்ச்சலில் கிடந்தவர் மாதிரி முனகுவார்.

இந்த முனகல் எப்படியோ மேலிடத்தின் காதில் விழுந்துவிட்டது. பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் சேலத்திலிருந்து லாரியில் ஒரு 'சூரிய ஒளி மின்பலகை' வந்து இறங்கியது. கயிற்றுக் கட்டிலில் பாதி அகலம், கருநீல நிறம், மேலே கண்ணாடி. கூடவே ஒரு பாட்டரி, மூன்று லைட்டு வைத்த சின்னப் பெட்டி, அப்புறம் ஒரு கடிதம். எல்லாவற்றிலும் கடிதம்தான் கனம். பிப்ரவரி பத்தாம் தேதி ஆய்வு. அன்று ரேடியோ சூரிய ஒளியால் ஒரு மணி நேரம் இடையறாது பாடினால் ஆபரேட்டர் பணி நிரந்தரம் ஆக்கப்படும். பாடாவிடில் அந்தப் பணியிடமே ரத்து.

சென்றாயன் கடிதத்தை நாலு தடவை படித்தான். 'நிரந்தரம்' என்ற இடம் வரும்போதெல்லாம் கொஞ்சம் நிறுத்திப் படித்தான்.

பலகையோடு வந்த இன்ஜினீயர் பெயர் வீரபாகு. சின்ன வயசு, திருநெல்வேலிப் பக்கம். அவருக்கு அடுத்த ஊருக்குப் போகிற அவசரம்.

"மொட்டை மாடியில வச்சிருங்க. தெற்கே பாத்து, லேசாச் சாய்ச்சு. அவ்வளவுதான். இந்தப் பெட்டியில செவப்பு எரிஞ்சா பாட்டரி பட்டினி. மஞ்சள் எரிஞ்சா அரை வயிறு. பச்சை எரிஞ்சா வயிறு ரொம்பியாச்சு. பச்சை ஒருதரம் வந்துட்டா, அப்புறம் அஞ்சாறு நாள் வெயிலே இல்லேன்னாலும் ரேடியோ பாடும்."

"ஏனுங்க, தெக்கயா?" என்றார் பஞ்சாயத்துத் தலைவர் மருதாசலம்.

"தெற்கேதான்."

லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. மருதாசலம் தெற்கே திரும்பிப் பார்த்தார். தெற்கே ஊர்ச் சுடுகாடு இருந்தது.

"அந்தத் தம்பி தெக்கத்திச் சீமைக்காரரு. அவிய ஊர்ப் பக்கம் பாக்கோணும்னு ஆசை. அதுக்கு நாம என்ன பண்றது?" என்றார் தலைவர். இந்தக் கூர்மையான ஆராய்ச்சியோடு அறிவியலின் வாதம் முடிவுக்கு வந்தது. மறுநாளே 'திசை நிர்ணயக் கமிட்டி' அமைந்தது.

கமிட்டியில் நாலு பேர். தலைவர் மருதாசலம். அவருடைய பங்காளியும் தேர்தலில் ஒன்பது ஓட்டில் அவரிடம் தோற்றவருமான தங்கசாமி. நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் நாச்சிமுத்து. சோசியர் அருணகிரி. சென்றாயன் ஐந்தாவது ஆளாகக் கதவோரம் நின்றான். கமிட்டி உட்கார்வதற்கும் அவன் நிற்பதற்கும் தனித்தனியாகத் தீர்மானம் தேவைப்படவில்லை. அது வழக்கம்.

"கெழக்குதான்," என்று ஆரம்பித்தார் மருதாசலம். "பொழுது கெழக்கதான் வருது. ஒறம்பரை வாசல்ல வந்து நின்னா, மொகத்தைக் காட்டி வாங்கன்னு சொல்லோணுமா, முதுகைக் காட்டோணுமா?"

கிழக்கே தலைவர் வீடு இருந்தது என்பது தற்செயல்.

"ஒறம்பரை வர்றப்ப ஆரு வேணாலும் வாங்கம்பாங்க," என்றார் தங்கசாமி. "போறப்பத்தான் வாசல் வரைக்கும் போயி வழியனுப்போணும். அதான் மரியாதை. பொழுது மேக்க போவுது. பலகையும் மேக்க பாக்கோணும்."

மேற்கே தங்கசாமி வீடு இருந்தது. அதுவும் தற்செயல்தான்.

சோசியர் அருணகிரி கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். "வடக்கு குபேர மூலை. பலகைக்கு நல்லது."

"வடக்க பொழுது வராதே, சோசியரே?" என்றார் தலைவர்.

"வராது. ஆனா வந்துச்சுன்னா ரொம்ப நல்லது."

சென்றாயன் மெல்ல இருமினான். "சாமி, அந்த இன்ஜினீயரு தெக்க பாக்கோணும்னு..."

"ஏஞ் சென்றாயா," என்றார் தலைவர் வாஞ்சையாக, "உன்ற ஊட்டு வாசக்காலை எமன் பக்கமாத் தெறந்து வெப்பியா?"

சென்றாயனின் வீட்டு வாசல் தெற்கே பார்த்துத்தான் இருந்தது. அவனுடைய தெருவில் எல்லா வீடும் அப்படித்தான். ஆனால் கமிட்டியில் அதைச் சொல்வது நாகரிகமாக இருக்காது என்று அவன் வாயை மூடிக்கொண்டான்.

மூன்று நாள் கூட்டம் நடந்தது. கடைசியில் ஒரு சமரசம் பிறந்தது. காலையில் பலகை கிழக்கே தலைவர் வீட்டைப் பார்க்கும். மாலையில் மேற்கே தங்கசாமி வீட்டைப் பார்க்கும். இதற்கிடையில் என்ன செய்வது என்பதுதான் சிக்கல். அங்கேதான் அதுவரை வெற்றிலை மென்றுகொண்டிருந்த நாச்சிமுத்து எழுந்தார். முப்பது வருஷமாக வெயிலில் பொருளைக் காயப்போட்டு எடுத்தவர். அவர் பேசினால் ஊர் கேட்கும்.

"எல்லாரும் ஒண்ணை மறந்துட்டீங்க. மஞ்சளை வேகவெச்சுக் களத்துல கொட்டுறோம். ஒரே பக்கமாக் காயவுட்டா என்னாவும்? மேல முறுகும், அடியில பூஞ்சை புடிக்கும். அதனால உச்சிவெயில்ல திருப்பிப் போடறோம். மஞ்சளுக்கே அப்படீன்னா, கவருமெண்டுப் பொருளுக்கு எப்படி இருக்கோணும்?"

கூட்டம் ஒன்றாகத் தலையாட்டியது. இவ்வளவு பெரிய உண்மை பலகையைச் செய்தவனுக்கே தோன்றவில்லையே! தீர்மான எண் பதினான்கு அப்போதே எழுதப்பட்டது: 'காலை ஆறு முதல் பத்து வரை கிழக்கு. பத்து முதல் மூன்று வரை, பின்புறமும் சமமாகக் காயும்பொருட்டு, கவிழ்த்துப் போடுதல். மூன்று முதல் ஆறு வரை மேற்கு. இதனால் மின்மகசூல் இரட்டிப்பாகும் என்று இக்கமிட்டி மதிப்பிடுகிறது.' திருப்பும் பொறுப்பு ஆபரேட்டருக்கு.

நல்ல நேரம் பார்த்துப் பலகையை மாடிக்கு ஏற்றினார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். கண்ணாடியின் நாலு மூலையிலும் நடுவிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தார்கள். பலகை லட்சணமாக இருந்தது.

அன்றிலிருந்து சென்றாயன் ஓயவில்லை. காலையில் கிழக்கே திருப்புவான். தலைவர் வீட்டுப் புளியமரத்து நிழல் ஒன்பதரை மணி வரைக்கும் பலகைமேல் படுத்திருக்கும். நிழல் விலகிக் கொஞ்சம் வெயில் வந்ததும் மணி பத்தாகிவிடும், கவிழ்த்துப் போடுவான். ஊரே காய்கிற உச்சிவெயிலில் பலகை குப்புறப் படுத்துத் தூங்கும். மூன்று மணிக்கு எழுப்பி மேற்கே நிறுத்தினால், தங்கசாமி வீட்டுத் தென்னைமரம் ஏழும் வரிசையாக நிழலை அனுப்பும். சாயங்காலம் ரேடியோ ரூமில் வந்து பார்த்தால் சிவப்பு லைட்டு கண் சிமிட்டாமல் அவனையே பார்க்கும்.

கமிட்டி எதற்கும் கலங்கவில்லை. 'மின்மகசூல் பதிவேடு' என்று ஒரு நோட்டுப் போட்டார்கள். தினம் 'திருப்தி' என்று அதில் எழுதினார்கள். ஒருநாள் மட்டும் 'மிகவும் திருப்தி' என்று இருக்கிறது. அன்றைக்குக் காப்பியோடு போண்டா வந்திருந்தது.

"பாடுச்சுங்களா?" என்று தினமும் கேட்பாள் அத்தாயி. சென்றாயனின் சம்சாரம். நாச்சிமுத்துவின் மஞ்சள் களத்தில் இருபது வருஷமாக வேலை.

"நாலு வார்த்தை சொல்லுச்சு. அப்பறம் அமுங்கிப் போச்சு."

"என்ன நாலு வார்த்தை?"

"'வணக்கம், செய்திகள் வாசிப்பது' வரைக்கும். ஆருன்னு சொல்றதுக்குள்ள நின்னு போச்சு."

அத்தாயி சிரித்தாள். சென்றாயனுக்குச் சிரிப்பு வரவில்லை. "உனக்கு எளப்பமா இருக்குது. பத்தாந் தேதி பாடலீன்னா பதினோரு வருசம் போச்சு புள்ளே. இனி மறுக்காக் களத்துல கூடை தூக்கோணும்."

"நான் தூக்கலியா?" என்றாள் அத்தாயி. அப்புறம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "சரி, நான் ஒண்ணு கேக்கறேன். தை மாசத்துல களத்துல நின்னீங்கன்னா உங்க நெழலு எந்தப் பக்கமா உழுவும்?"

"வடக்க."

"உச்சிப் பொழுதுலயும்?"

"உச்சிப் பொழுதுலயுந்தான்."

"அப்ப பொழுது எங்க நிக்குது?"

சென்றாயனின் தலை தானாகத் தெற்கே திரும்பியது.

"நாங்க ஈர மஞ்சளை எப்பவும் களத்துக்குத் தெக்குச் சரிவுலதான் கொட்டுவோம். அங்கதான் வெடுக்குனு காயும். இதுக்குப் போயி நாலு பேரு ஒக்காந்து வடை தின்னாங்களாக்கும்! அப்பறம், மஞ்சளைத் திருப்பிப் போடறது மஞ்சளுக்கு ரெண்டு பக்கமும் மஞ்சளா இருக்கறதால. உங்க பலகைக்கு அடிப்பக்கம் வெறுந் தகரமுங்க. அதைக் காயவெச்சு ஆருக்கு என்ன?"

"இதை நீ கமிட்டியில சொல்லியிருக்கலாமில்ல?"

"என்னை ஆரு கூப்புட்டா? உங்களையே நிக்க வெச்சாங்க."

அந்த வாரம் சென்றாயனுக்கு ஒரு சந்தர்ப்பம் வந்தது. எடப்பாடியில் நாச்சிமுத்து மகள் கல்யாணம். மூன்று நாள் சீர். கமிட்டி முழுவதும் வேனில் ஏறிப் போய்விட்டது. பிப்ரவரி மூன்று, நான்கு, ஐந்து. சென்றாயன் மாடிக்கு ஏறினான். நாலு பக்கமும் பார்த்தான். துண்டை நனைத்துச் சந்தனத்தைத் துடைத்தான். நாலு செங்கல்லை அண்டக் கொடுத்து, பலகையைத் தெற்கே பார்த்து லேசாகச் சாய்த்து வைத்தான். வைத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று சுடுகாட்டைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டான்.

முதல் நாள் மத்தியானமே சிவப்பு போய் மஞ்சள் வந்தது. இரண்டாம் நாள் மஞ்சள் அசையவில்லை. மூன்றாம் நாள் மூன்று மணிக்குப் பச்சை எரிந்தது. சென்றாயன் அந்தப் பச்சையின் முன்னால் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தான். அன்று சாயங்காலம் ரேடியோ முனகவில்லை. எல்லா மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தபோதே, குழாய் மஞ்சள் விலையை ஊருக்கெல்லாம் கணீரென்று சொன்னது. களத்திலிருந்து வந்த அத்தாயி கூடையோடு வேப்பமரத்தடியில் நின்று, வாசிப்பவர் பெயர் வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

விதி அப்போதுதான் குறுக்கே வந்தது. மறுநாள் காலையில் தங்கசாமியின் பெரியப்பா சின்னண்ணன் காலமானார். வயசு தொண்ணூற்று நாலு. மூன்று வருஷமாகவே போய்க்கொண்டிருந்தவர். இரண்டு தடவை பாடையே கட்டிவிட்டார்கள். இரண்டு தடவையும் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டவர். இந்தத் தடவை கேட்கவில்லை.

எடப்பாடியிலிருந்து திரும்பிய வேன் ஊர் எல்லையில் நின்றது. தலைவர் இறங்கினார். அவர் பார்வை நேராகப் போர்டு ஆபீஸ் மாடிக்குப் போனது. அங்கே பலகை தெற்கே பார்த்துப் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

காடாற்றிய மறுநாள், எட்டாம் தேதி, விசாரணை.

"பலகையை எந்தப் பக்கம் திருப்புனே?" என்று ஆரம்பித்தார் தலைவர்.

"தெக்கங்க."

"தெக்க என்ன இருக்குது?"

"பொழுதுங்க."

"அதுக்கு அக்கட்டால?"

"சுடுகாடுங்க."

"பாத்தீங்களா! ஒத்துக்கிட்டான்," என்றார் தங்கசாமி. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க பெரியப்பன் நல்லா இருந்தாரு. இன்னும் ஒரு பத்து வருசம் கெடந்திருப்பாரு."

"சாமி, பச்ச லைட்டு எரிஞ்சுதுங்க," என்றான் சென்றாயன். "இப்பவும் எரியுது. வந்து பாருங்க."

நாலு பேரும் ரேடியோ ரூமுக்குப் போய்ப் பார்த்தார்கள். பச்சை எரிந்துகொண்டுதான் இருந்தது. கமிட்டி நியாயத்துக்குக் கட்டுப்பட்டது. கண்ணால் கண்டதை மறைக்கவில்லை. தீர்மான எண் இருபத்திரண்டில் அப்படியே எழுதியது: 'பச்சை விளக்கு எரிந்தது உண்மையே. ஆயினும் அது முறையான தீர்மானம் இன்றி எரிந்த பச்சையாகும். இக்கமிட்டி அதை அங்கீகரிக்க இயலாது.'

சென்றாயன் அன்றே நிறுத்தப்பட்டான். அவன் இடத்துக்கு ரங்கன் வந்தான். தலைவர் சம்சாரத்தின் தம்பி; முப்பது வயசு; சேலம் அம்மாபேட்டையில் தறிப் பட்டறை வைத்து மூடியவன். ரேடியோவைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அது பாடும் என்பதுதான். துக்க வீடு இருப்பதால் ஆய்வு வரைக்கும் ரேடியோ பாடக் கூடாது என்றும், பலகை பழையபடி தீர்மானம் பதினான்கின் பிரகாரம் நடக்க வேண்டும் என்றும் முடிவானது.

பிப்ரவரி பத்து. காலை பதினொரு மணி. ஆய்வு அதிகாரி ஜீப்பில் வந்தார். போர்டு ஆபீஸ் ரேடியோ ரூமில் பதினேழு பேர் ஒருத்தர்மேல் ஒருத்தர் சாய்ந்து நெருக்கி நின்றார்கள். மற்றவர்கள் தாழ்வாரத்தில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். அதிகாரி செருப்பை வாசலிலேயே நன்றாகத் தேய்த்துவிட்டு வந்தார். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"மாடிக்குப் போயிப் பலகையைப் பாத்துரலாமுங்களா?" என்று தலைவர் கேட்டார், கொஞ்சம் தயங்கி.

"அதெல்லாம் தேவையில்லை," என்றார் அதிகாரி அவசரமாக. "பதிவேடு இருக்கில்லையா?"

இருந்தது. அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். திருப்தி, திருப்தி, திருப்தி. 'மிகவும் திருப்தி' வந்த இடத்தில் நிமிர்ந்து கமிட்டியை ஒருதரம் மரியாதையோடு பார்த்தார்.

"சரி, பாட வையுங்க."

ரங்கன் பெட்டியிடம் போனான். வலது குமிழைத் திருகினான். ஒன்றும் இல்லை. அடுத்ததைத் திருகினான். பெட்டி சீறியது. தலைவரின் நெற்றியில் வேர்த்தது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

தாழ்வாரத்தின் கடைசியில், ஆளுக்கு ஆள் இடுக்கில் சென்றாயன் நின்றிருந்தான். வரக் கூடாது என்றுதான் இருந்தான். பதினொரு வருஷத்துக் கால்கள், தானாக வந்துவிட்டன. பேசாமல் இருந்தால் பணியிடமே ரத்து. பேசினால் ரங்கனுக்கு நிரந்தரம். பெட்டி மறுபடி சீறியது. அந்தச் சத்தத்தை அவனால் தாங்க முடியவில்லை.

"எடது கைப்பக்கத்துக் குமிழுங்க," என்றான் ஜன்னல் வழியாக. "மெல்லத் திருகோணும். அதட்டுனாப் பாடாது."

ரங்கன் மெல்லத் திருகினான். ரேடியோ பாடியது. நாதசுரம். ஒரு முனகல் இல்லை, ஒரு விக்கல் இல்லை. அதிகாரி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். ஒரு மணி நேரம் அது பாடியது. தங்கசாமியும் தலைவரும் தேர்தலுக்குப் பிறகு முதல்முறையாக ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டார்கள். மஞ்சளின் தத்துவம் ஜெயித்துவிட்டது என்று நாச்சிமுத்து சோசியரின் காதில் சொன்னார்.

அதிகாரி அங்கேயே உட்கார்ந்து அறிக்கை எழுதினார். இதோ அதன் வாசகம்: 'நல்ல வெயிலில், கமிட்டி வகுத்த முத்திசை முறைப்படி, ரேடியோ ஒரு மணி நேரம் இடையறாது இயங்கியதை நேரில் கண்டேன். நண்பகலில் பலகையைக் கவிழ்க்கும் முறை இந்தியாவிலேயே புதுமையானது. ஆபரேட்டர் ரங்கனின் திறமை பாராட்டத்தக்கது.'

ரங்கன் நிரந்தரமானான். கமிட்டிக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் வந்தது. அதைச் சுவரில் கிழக்கே மாட்டுவதா மேற்கே மாட்டுவதா என்று இரண்டு கூட்டம் நடந்தது. அந்த வருஷமே சுற்றறிக்கை போயிற்று. நாற்பத்திரண்டு ஊரில் நாற்பத்திரண்டு பலகை, காலையில் தலைவர் வீட்டைப் பார்த்து, உச்சிவெயிலில் குப்புறப் படுத்து, மாலையில் தோற்றவர் வீட்டைப் பார்த்து, இருந்த இடத்திலேயே மகசூலை இரட்டிப்பாக்கின. எல்லா ஊர்ப் பதிவேட்டிலும் 'திருப்தி'.

சென்றாயன் நாச்சிமுத்துவின் களத்துக்கு வேலைக்குப் போனான். இன்று வரைக்கும் ஈர மஞ்சளைத் தெற்குச் சரிவில்தான் கொட்டுகிறான். அதற்கு எந்தக் கமிட்டியும் இன்னும் ஆட்சேபம் சொல்லவில்லை.

சத்தியம் செய்தபடி எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது. விட்டுப்போனது ஒன்றே ஒன்று. பிப்ரவரி ஒன்பதாம் தேதி விடிகாலையில் பிடித்த மழை பதினொன்றாம் தேதி வரைக்கும் விடவில்லை. அதிகாரி வந்த நேரத்தில் பலகை மாடியில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது, போர்டு ஆபீஸ் வாசலில் பதினேழு குடை நனைந்து கிடந்தது.